வெயில் தள்ளிக்கொண்டு போன தகடு

சித்திரை பிறந்த முதல் திங்கட்கிழமை காலை. படகுத் துறையில் உட்கார்ந்து இறாலைப் பெரிது சிறிதாகப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தேன். இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது. கையெல்லாம் ஈரமாக இருந்ததால் பக்கத்தில் இருந்தவள் எடுத்து என் காதில் வைத்தாள். என் பேத்தி ரேவதி பேசினாள்.

“ஆயா, சுபைதா மேடம் மவுத்தாயிட்டாங்க ஆயா. விடிகாலைல நெஞ்சு வலிக்குதுன்னாங்களாம். ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள...”

நான் உடனே கேட்டதை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. ஐயோ என்றுகூட வாயில் வரவில்லை. “வியாழக்கிழமை தகடு வருதுன்னாங்களே, அதுக்குள்ளயா போயிட்டாங்க?” என்று கேட்டேன். அந்தப் பக்கம் ரேவதி அழுதபடியே சிரித்துவிட்டாள். “நானும் அதையேதான் ஆயா நெனச்சேன்” என்றாள்.

இந்த நினைவு மலரைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் சுபைதா மேடத்தோடு பெரிய பெரிய தொலைநோக்கிகளில் வேலை பார்த்தவர்கள். மீதிப் பேர் பழவேற்காட்டுக்காரர்கள், அவருடைய சொந்தக்காரர்கள், தெருக்காரர்கள். முதல் கூட்டத்துக்கு எங்கள் குப்பம் தெரியாது. இரண்டாவது கூட்டத்துக்கு அந்தத் தகடு தெரியாது. இரண்டும் தெரிந்தவள் என்று என்னை எழுதச் சொன்னார்கள். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். பிழை இருந்தால் ரேவதி திருத்துவாள். ஆனால் நடந்ததை நடந்தபடி சொல்ல எனக்கு யார் உதவியும் வேண்டாம்.

அவர் எங்கள் ஊருக்கு முதலில் வந்த நாள், நான்கு வருஷத்துக்கு முன்னால். சாயங்காலம் நாலு மணி இருக்கும். ஏரிக்கரை மேட்டில் முக்காடு போட்ட ஒரு அம்மா மூன்று கால் நிறுத்தி, அதன் மேல் ஒரு குழாயைப் பொருத்தி, தெற்கே திருப்பிக்கொண்டிருந்தார். எங்கள் ஊரில் மூன்று கால் என்றால் ஒரே அர்த்தம்தான். அளக்க வந்துவிட்டார்கள். தெற்கே இருக்கிற துறைமுகத்தைப் பெரிதாக்கப் போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்த நேரம் அது. வலையை உதறிக்கொண்டிருந்தவர்கள், கருவாடு புரட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் மேட்டுக்கு ஓடினோம். எங்கள் ஊர்த் தலைவர் கன்னியப்பன், என் அண்ணன் மகன், முன்னால் போய் நின்றான்.

“யாரு நீங்க? யாரக் கேட்டு அளக்கறீங்க?”

“அளக்கலப்பா. வானத்தப் பார்க்கறதுக்கு இடம் தேடறேன்.”

“பட்டப்பகல்ல வானத்துல இன்னா தெரியுது? எங்க காதுல பூ சுத்தாதீங்க. தெற்கால இன்னா இருக்குன்னு எங்களுக்குத் தெரியாதா?”

“தெற்கேதான். ஆனா ரொம்ப மேலே” என்றார்.

கூட்டம் இன்னும் சூடாகிவிட்டது. ஆண்கள் அந்தக் குழாயைத் தொட்டால் போலீஸ் கேசாகும், பெண்பிள்ளை எடுத்தால் ஆகாது என்று எனக்கு ஒரு எண்ணம். சட்டென்று அதைக் கழற்றி என் மீன் கூடைக்குள் போட்டுத் தலையில் தூக்கிக்கொண்டு நடந்தேன். பின்னால் காலடிச் சத்தம். பிடுங்கத்தான் வருகிறார் என்று வேகமாக நடந்தேன்.

“அக்கா! கொண்டு போங்கக்கா, வேணாங்கல. அது வழியா சூரியனை மட்டும் பார்த்துடாதீங்க. ஒரு நொடியில கண்ணு போயிடும்!”

நான் நின்றுவிட்டேன். பொருளைத் தூக்கிக்கொண்டு போகிறவளின் கண்ணுக்காகப் பதறுகிறவள் நிலத்தை அளக்க வந்தவளாக இருக்க முடியாது. கூடையை இறக்கிக் குழாயைக் கொடுத்தேன். உள்ளே இரண்டு இறால் போயிருந்தது. அவர் அதைக் கவிழ்த்து, இறாலை எடுத்து என் கையில் கொடுத்து, “இது உங்களுது” என்றார்.

அன்றைக்கே ஊர் கூடி விசாரித்தோம். மேடம் அந்தக் கூட்டத்தில் பேசியதைப் போல இன்றுவரை யாரும் எங்களுக்கு எதையும் விளக்கியதில்லை. “உங்க வீட்டு டிவி டிஷ்ஷெல்லாம் ஏன் ஒரே பக்கம் பார்த்துக்கிட்டு நிக்குது?” என்று கேட்டார். டிவிக்குப் படம் அனுப்புகிற சாட்டிலைட் முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் உயரத்தில், பூமி சுற்றுகிற வேகத்துக்குச் சரியாகச் சுற்றுவதால், நமக்கு ஒரே இடத்தில் நிற்கிற மாதிரி இருக்கும் என்றார். அந்த உயரத்தில் இடம் கொஞ்சம்தான். அதனால் தேசங்கள் முறை வைத்துப் பிரித்துக்கொள்கின்றன.

“நம்ம பாடு மாதிரின்னு சொல்லுங்க” என்றான் கன்னியப்பன். ஏரியில் இறால் வலை கட்டுகிற இடத்தை நாங்கள் பாடு என்போம். யாருக்கு எந்த நாள் எந்தப் பாடு என்று முறை உண்டு. அதில் யாரும் கை வைக்க முடியாது.

“அதேதான். நான் பழவேற்காட்டுல பிறந்தவ. பாடு தெரியாதா எனக்கு?” என்றார் மேடம். “ஆனா அங்க செத்துப்போன சாட்டிலைட்டு இருக்கு, உடைஞ்ச துண்டு இருக்கு. அதுக்கு முறை கிடையாது. அடுத்தவன் பாட்டுக்குள்ள பூந்து போயிட்டே இருக்கும்.”

“அத எடுத்துப் போட ஆள் இல்லியா?”

“இன்னைக்கு இல்ல. எங்க இருக்குன்னு தெரிஞ்சாத்தான் உயிரோட இருக்கிற சாட்டிலைட்டை ஒதுக்க முடியும். அதுக்குத்தான் பார்க்கறோம்.”

ஏரிக்குள் யாரோ விட்டுப்போன வலைக் கழி தண்ணீருக்கடியில் உடைந்து நின்றால் படகு கிழியும். அதைப் பிடுங்க முடியாதபோது அதன் மேல் ஒரு துணியைக் கட்டி வைப்போம், வருகிறவன் ஒதுங்கிப் போகட்டும் என்று. மேடம் வானத்துக் கழிக்குத் துணி கட்ட வந்திருக்கிறார் என்று எல்லோருக்கும் விளங்கிவிட்டது. புயல் பாதுகாப்புக் கட்டடத்தின் மொட்டை மாடியைக் கொடுத்தோம். ஒரே நிபந்தனை: எதைப் பார்த்தாலும் ஊருக்கும் சொல்ல வேண்டும்.

மாடியில் நகரும் கூரை வைத்த ஒரு சின்னக் கொட்டகை எழுந்தது. அதற்குள் ஆள் உயரத் தொலைநோக்கி. சாவி என்னிடம். பி.எஸ்சி. இயற்பியல் முடித்து மீஞ்சூரில் வேலை தேடிக்கொண்டிருந்த ரேவதியை மேடம் கம்ப்யூட்டர் வேலைக்கு எடுத்துக்கொண்டார். என் பேத்தி என்பதற்காகச் சொல்லவில்லை. சரி, அதற்காகத்தான் சொல்கிறேன்: அந்தக் கருவியின் மூச்சு மாறினால்கூட அவளுக்குத் தெரியும்.

எனக்கு உப்பைத் துடைக்கிற வேலை. அதில் நான் பண்ணின கூத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் மரப் படகுக்கு மீன் எண்ணெய் பூசுவோம், உப்பு அரிக்காது. அந்தப் புத்தியில் தொலைநோக்கியின் இரும்புக்கும் வஞ்சனையில்லாமல் பூசிவிட்டேன். அது வழிந்து முன்கண்ணாடியில் இறங்கிவிட்டது. மேடத்துக்குக் கோபம் வந்தால் எப்படி வரும் என்று உங்களில் பல பேருக்குத் தெரியும். மூன்று நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான்காம் நாள் வந்து, “அக்கா, கண்ணாடி பக்கம் போகாதீங்க. ஆனா காலுக்கு மட்டும் இன்னும் கொஞ்சம் பூசுங்க. துரு நின்னுடுச்சு” என்றார். கொட்டகை அன்றிலிருந்து மீன் நாற்றம். சென்னையிலிருந்து பார்க்க வந்தவர்கள் மூக்கைப் பொத்தினால், “அது எங்க டெக்னாலஜி” என்பார்.

இரவில் கருவி தானாகப் படம் எடுக்கும். காலையில் என் வீட்டில் டீ குடித்துக்கொண்டு மூவரும் அந்தப் படங்களைப் பார்ப்போம். நட்சத்திரமெல்லாம் கோடு கோடாக இருக்கும். கருவி அசையாமல் நிற்க, வானம் நகர்வதால் அப்படி. ஒரே இடத்தில் நிற்கும் சாட்டிலைட் புள்ளியாக விழும். கோடாகவும் இல்லாமல் புள்ளியாகவும் இல்லாமல் சின்னதாகச் சாய்ந்து நகர்ந்தால் அதுதான் நாங்கள் தேடுகிற சரக்கு. தண்ணீரில் இறால் சிலிர்ப்பதைப் பார்த்துப் பழகிய கண் எனக்கு. “தோ இது இன்னா? தோ அது?” என்று காட்டிக்கொண்டே இருப்பேன். பாதி தூசி, பாதி விட்டில் பூச்சி. நான் வெட்கப்பட்டு ஒரு நாள் வாயை மூடிக்கொண்டபோது மேடம் சொன்னார்: “தப்பா சொல்றது தப்பில்லக்கா. பார்த்துட்டு சொல்லாம இருக்கறதுதான் தப்பு.”

அந்தப் பேச்சால்தான் தகடு கிடைத்தது. போன தை மாதம். ரேவதி நான்கு படங்களை ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டிக் காட்டினாள். முதல் படத்தில் ஒரு பளிச். இரண்டாவதில் ஒன்றுமில்லை. மூன்றாவதில் கொஞ்சம் தள்ளி மறுபடி பளிச். நான்காவதில் மங்கல். ரேவதி தூசி என்று தாண்டிப் போய்விட்டாள்.

“நில்லு நில்லு. நீர்க்காக்கா மாதிரி முங்கி முங்கி வருதே!” என்றேன்.

மேடம் கையிலிருந்த டீ அவர் புடவையில் கொட்டியது. அவர் கவனிக்கவே இல்லை. திரைக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்துக்கொண்டு, “மறுபடி ஓட்டு. மறுபடி. மறுபடி” என்றார். பிறகு எழுந்து நின்று என் தோளைப் பிடித்து உலுக்கினார். “அக்கா, அது சுத்துது! தட்டையா இருக்கு, அதான் ஒரு பக்கம் மின்னுது, விளிம்பு திரும்புனா மறையுது. சாட்டிலைட்டுக்கு மேல போர்த்தற மினுக்குத் தகடுக்கா! உரிஞ்சு வந்துடுச்சு!”

பிஸ்கட் பாக்கெட்டின் உள்பக்கம் மினுக்கும் தாளை நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டு வாசல் அளவுக்கு ஒரு துண்டு. முப்பத்தாறாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் கரணம் போட்டுக்கொண்டு போகிறது. அதை எங்கள் ஊர்ப் புயல் கட்டடத்து மாடியிலிருந்து பார்க்கிறோம்! அன்று காலை நான் துறைக்கே போகவில்லை. பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

பதினோரு நாள் விடாமல் பார்த்தோம். நாளுக்கு நாள் மேற்கே நகர்ந்து, ஏரிக்கு அந்தப் பக்கம் இறங்கி மறைந்தது. மேடம் விவரங்களை அனுப்பிவைத்தார். துண்டுகளுக்கு எண் கொடுத்துப் பட்டியல் வைத்திருக்கிற இடத்திலிருந்து மரியாதையான பதில் வந்தது. இப்படி ஒரு தடவை பார்த்துத் தொலைத்தவை ஏராளம், மறுபடியும் பார்த்தால்தான் சேர்ப்போம் என்று. பூமியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அது மறுபடி எங்கள் கிழக்கே ஏறுகிறபோது சரியாகப் பிடிக்க வேண்டும். விட்டால் அது யாருக்கும் தெரியாத குப்பை.

சிக்கல் இதுதான். வேறு இரண்டு இடங்களில் கணக்குப் போட்டவர்கள் அதைக் கல் மாதிரி வைத்துப் போட்டிருந்தார்கள். மேடம் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு மதியம் என் வாசலில் உட்கார்ந்து சொன்னார்.

“வெயில் தள்ளுதுக்கா அத.”

“வெயிலு சுடும். தள்ளுமா?”

“தள்ளும். ரொம்ப ரொம்ப லேசா. கல்லுன்னா அசையாது. இது தாளு. மூணு மாசம் ராப்பகலா தள்ளிக்கிட்டே இருந்தா?”

“அப்ப படகுப் பாய்னு சொல்லு” என்றேன்.

அருகில் வலை கோத்துக்கொண்டிருந்த கன்னியப்பன் தலையை நிமிர்த்தாமல் சொன்னான்: “சுத்திக்கினே போற பாயி முழுக் காத்து வாங்காது மேடம். பாதிதான் வாங்கும்.”

மேடம் அவனைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். “பாதியா, முக்காலா? மூணு நாளா அதுலதான் தூக்கமில்லாம கெடக்கறேன் கன்னியப்பா.” எல்லாப் படத்தையும் மறுபடி எடுத்து வைத்துக்கொண்டு, எதில் பளிச், எதில் மங்கல், எதில் காணோம் என்று நானும் ரேவதியும் எண்ணிச் சொல்ல, அவர் எழுதிக்கொண்டே போனார். கடைசியில் கணக்கு முடிந்தது. மற்றவர்கள் சொன்ன தேதிக்கு ஐந்து நாள் கழித்து, சித்திரை முதல் வியாழக்கிழமை, அது எங்கள் கிழக்கு வானத்தில் இன்ன இடத்தைத் தாண்டும். நிபந்தனைப்படி ஊரைக் கூட்டிச் சொன்னார். “வந்தா எல்லாருக்கும் சந்தோஷம். கணக்கு தப்புன்னா நானே இதே எடத்துல வந்து நின்னு தப்புன்னு சொல்றேன்” என்றார்.

மற்றவர்கள் சொன்ன தேதியில் தகடு வரவில்லை. அவர்கள் தேடிப் பார்த்துக் கைவிட்டார்கள். மேடம் சொன்ன வியாழக்கிழமைக்கு மூன்று நாள் முன்னால் அவர் போய்விட்டார்.

பழவேற்காட்டில் அவர் வீட்டுக்குப் போய்ப் பெண்களோடு உட்கார்ந்திருந்தேன். அவர் தங்கை மைமூன் என் பக்கம் நகர்ந்து வந்து, “ராத்திரி படுக்கறப்போ ஜன்னலத் திறந்து மேகம் இருக்கான்னு பார்க்கச் சொன்னாங்கக்கா. நான் எரிஞ்சு விழுந்துட்டேன், நாலு நாள் கழிச்சு வரப்போறதுக்கு இன்னைக்கு இன்னா மேகம்னு” என்று சொல்லி விம்மினாள். “நீ பார்த்தியா?” என்று கேட்டேன். “பார்த்தேன். இல்லன்னு சொன்னேன். சிரிச்சுட்டு படுத்துட்டாங்க” என்றாள்.

வியாழக்கிழமை எங்கள் அம்மன் திருவிழா ஆரம்பம். புயல் கட்டடத்தைச் சுற்றி வண்ண விளக்கு கட்டியாகிவிட்டது. அந்த வெளிச்சத்தில் மங்கலான துண்டு தெரியவே தெரியாது. கன்னியப்பனிடம் போய் நின்றேன். அவன் மறுபேச்சுப் பேசாமல் பத்து மணிக்கு எல்லாவற்றையும் அணைக்கச் சொன்னான். வெள்ளிக்கிழமை காலை படங்களைப் பார்த்தோம். ஒவ்வொன்றையும் மூன்று தடவை பார்த்தோம். தகடு இல்லை.

அன்றுதான் அம்மன் வீதியுலா. இரண்டாவது நாளும் விளக்கை அணைப்பதா என்று ஊரில் சலசலப்பு. என் நாத்தனார் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள், “நேத்து ஒரு நாள் சரி. செத்துப்போனவங்களுக்காக இன்னும் எத்தினி நாள் சாமிய இருட்டுல வெக்கறது?”

“செத்தவங்களுக்கு இல்ல, வரப்போறதுக்கு” என்றான் கன்னியப்பன். “ஏன் ரேவதி, வருமா?”

ரேவதி சொன்னாள்: “கணக்குல ஒரு நாள் ரெண்டு நாள் முன்ன பின்ன ஆகலாம்னு மேடமே எழுதி வெச்சிருக்காங்க மாமா. வரும்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. பார்க்கலன்னா வந்துச்சான்னுகூட தெரியாமப் போயிடும்.”

சத்தியம் பண்ண மாட்டேன் என்று அவள் சொன்னதுதான் வேலை செய்தது என்று நினைக்கிறேன். வரும் என்று அவள் பொய் சொல்லியிருக்கலாமே. அம்மன் அன்றைக்குச் சீக்கிரமே கிளம்பி, கடைசித் தெருவை இரண்டு அரிக்கேன் விளக்கோடு சுற்றி வந்தாள். என் நாத்தனார்தான் ஒரு விளக்கைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

சனிக்கிழமை காலை. ரேவதி படங்களை ஓட்டினாள். கோடு, கோடு, புள்ளி, கோடு. ஓர் ஓரத்தில் பளிச். அடுத்ததில் இல்லை. அடுத்ததில் தள்ளிப் பளிச்.

“முங்குது! ரேவதி, முங்கி வருது!”

“ஆமா ஆயா! அதேதான் ஆயா! அதே மாதிரி சுத்துது!”

இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டு கத்தினோம். அக்கம்பக்கம் ஓடிவந்தது. ரேவதி போனை எடுத்தாள். எப்போதும் முதலில் கூப்பிடுகிற பெயரில் விரல் போய் நின்றது. அப்படியே நின்றாள். பிறகு மைமூனைக் கூப்பிட்டு, “வந்துடுச்சுக்கா” என்று மட்டும் சொன்னாள்.

சாயங்காலம் ஊர் கூடியது. மேடம் அங்கே வந்து நின்று பேசுவதாகச் சொல்லியிருந்தார். அவர் வர முடியாததால் நான் எழுந்தேன். “தகடு வந்துடுச்சு. ஆனா மேடம் சொன்னது வியாழக்கிழமை. வந்தது வெள்ளிக்கிழமை. கணக்குல ஒரு நாள் தப்பு. வந்து சொல்றேன்னு வாக்கு குடுத்தாங்க. அவங்களுக்காக நான் சொல்றேன்” என்றேன்.

“பூமியவே சுத்திக்கினு வர்றது ஒரு நாள்தான் லேட்டு. நம்ம ஊரு பஸ்ஸுக்கு இது எவ்வளவோ மேலு அத்தே” என்றான் கன்னியப்பன். கூட்டம் முழுவதும் சிரித்தது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தது.

தகடு இப்போது பட்டியலில் ஏறிவிட்டது. அதற்கு ஒரு எண் இருக்கிறது. எனக்கு மனப்பாடம்.

மைமூன் ஏதாவது எடுத்துக்கொள்ளுங்கள் என்று மேடத்தின் அலமாரியைத் திறந்து காட்டினாள். நான் எதையும் எடுக்கவில்லை. எனக்கு அந்த ஒரு நாள் பிழை போதும். பெரிய படிப்புப் படித்தவர், தன் பிழையை வந்து சொல்கிறேன் என்று மீன்காரர்களுக்கு வாக்குக் கொடுத்தாரே, அதை வைத்துக்கொண்டேன். இந்த மலரில் அவர் கணக்கு சரியாக இருந்தது என்று யாராவது எழுதியிருந்தால் தயவுசெய்து திருத்திக்கொள்ளுங்கள். ஒரு நாள் தப்பு. அவர் அதைத்தான் விரும்புவார்.

அந்த ஒரு நாள் எங்கே போனது என்று ரேவதி இப்போது தேடிக்கொண்டிருக்கிறாள். ஆடியில் தகடு மறுபடி எங்கள் கிழக்கே ஏறும். இந்தத் தடவை கணக்கு அவளுடையது. பாதிக்கும் முக்காலுக்கும் நடுவில் எங்கோ ஓர் எண்ணைப் பிடித்திருக்கிறாள். ஆடித் திருவிழாவுக்கு விளக்கு கட்டுகிறவர்களிடம் எந்தெந்த நாள் எத்தனை மணிக்கு அணைக்கச் சொல்வது என்று கன்னியப்பன் நேற்றே வந்து கேட்டுவிட்டுப் போனான்.